துக்க வீட்டுக்கு வந்த கடவுள்



அறக்கட்டளைச் சொற்பொழிவுகள் பெரும்பாலும் ஓர் அறிஞர் பெயரிலோ புரவலர் பெயரிலோ நடப்பவை. இது இளவயதில் இறந்துபோன ஒரு மகளின் நினைவாக நடப்பது. பொருளையும் இந்த அறக்கட்டளையை நிறுவிய அவளுடைய பெற்றோரே குறித்துத் தந்திருக்கிறார்கள்: துயரப்படுகிறவர்களுக்குக் கிறிஸ்தவ விசுவாசம் தரும் ஆறுதல். அவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது, பிரசங்க மேடையில் சொல்லிப் பழகிய சமாதானங்களை இங்கே எடுத்துவிட எனக்கு வாய் வராது. நேராகவே விஷயத்துக்கு வருகிறேன்.

நம் சபைகளில் ஒரு சாவு விழுந்தால் பந்தல் போடுகிறோம், நாற்காலிகள் வருகின்றன, ஐஸ் பெட்டி வருகிறது. பெண்கள் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து அழுகிறார்கள். குருவானவரின் வண்டி தெருமுனையில் திரும்பியதும் யாராவது ஒரு பெரியவர் உள்ளே போய், “ஐயர் வந்துட்டாங்க, அழுகைய நிறுத்துங்க” என்கிறார். அழுகை அடங்கிய பிறகுதான் ஜெபம். ஜெபம் முடிந்ததும் ஆறுதல் வார்த்தைகள். ஆண்டவருடைய சித்தம். நல்ல பூவைத்தான் அவர் முதலில் பறிப்பார். பரலோகத்தில் பார்க்கப் போகிறோம், பிறகு ஏன் அழ வேண்டும்? இவற்றைச் சொல்கிறவர்களைப் பழிப்பது என் நோக்கமல்ல. துக்க வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கக் கூச்சமாக இருக்கிறது, அதனால் பேசுகிறோம். ஆனால் முதலில் அழுகை நிற்க வேண்டும், அப்புறம்தான் கடவுள் வருவார் என்ற இந்த வரிசை வேதாகமத்தில் இல்லை. அங்கே வரிசை தலைகீழாக இருக்கிறது. இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

யோவான் நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பெத்தானியா எருசலேமிலிருந்து மூன்று கிலோமீட்டர் போல. அங்கே லாசரு நோயாய்க் கிடக்கிறான் என்று அவனுடைய சகோதரிகள் மார்த்தாளும் மரியாளும் ஆள் அனுப்புகிறார்கள். செய்தி கிடைத்தும் இயேசு இருந்த இடத்திலேயே இரண்டு நாள் தங்குகிறார். வந்து சேரும்போது அடக்கம் முடிந்து நாலு நாள் ஆகிவிட்டது. எருசலேமிலிருந்து துக்கம் விசாரிக்க வந்தவர்கள் வீடு நிறைய இருக்கிறார்கள். மார்த்தாள் ஊருக்கு வெளியே வந்து அவரை வழியிலேயே சந்திக்கிறாள். மரியாள் வீட்டை விட்டு அசையவில்லை. மார்த்தாளின் குறை என்ன? நேரத்தோடு வந்திருந்தால் எங்கள் சகோதரன் பிழைத்திருப்பானே என்பதுதான். அவளோடு இயேசு உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசுகிறார். அவளும் விடவில்லை; கடைசி நாளில் அவன் எழுந்திருப்பான் என்பது எனக்குத் தெரியும் என்கிறாள். நம் அடக்க ஆராதனையில் சொல்கிற உபதேசம் அவளுக்கு ஏற்கெனவே மனப்பாடம்.

பிறகு மரியாள் வருகிறாள். கால்களில் விழுந்து அதே குறையைச் சொல்கிறாள். குறை ஒன்றுதான்; பதில் வேறு. மரியாளிடம் அவர் உபதேசம் எதுவும் சொல்லவில்லை. அவள் அழுகிறாள், கூட வந்தவர்களும் அழுகிறார்கள்; அதைப் பார்த்து அவர் உள்ளம் கலங்குகிறார். அவனை எங்கே வைத்தீர்கள் என்று மட்டும் கேட்கிறார். பிறகு அழுகிறார்.

இன்னும் சில நிமிடங்களில் லாசருவைக் கல்லறையிலிருந்து உயிரோடு வெளியே கூப்பிடப் போவது அவருக்குத் தெரியும். இந்த உலகத்தில் அழத் தேவையே இல்லாத ஓர் ஆள் அன்று அந்தக் கூட்டத்தில் இருந்தார் என்றால் அது அவர்தான். அவரே அழுதார். பரலோகத்தில் பார்க்கப் போகிறோம் என்பதால் அழக்கூடாது என்று வாதிடுகிறவர்கள் முதலில் அவரிடம் போய்த்தான் அதைச் சொல்ல வேண்டும். நம்பிக்கை இருக்கிறவர்கள் அழமாட்டார்கள் என்ற கணக்கு பெத்தானியாவிலேயே தப்பிப்போகிறது.

அதே இடத்தில் யோவான் இன்னொன்றையும் எழுதி வைத்திருக்கிறார். சுற்றி நின்றவர்களில் சிலர், குருடனுக்குப் பார்வை கொடுத்தவரால் இந்தச் சாவைத் தடுத்திருக்க முடியாதா என்று முணுமுணுக்கிறார்கள். மகளையோ மகனையோ இழந்த ஒவ்வொரு வீட்டிலும் கேட்கிற கேள்வி இது. யோவான் அதை விட்டுவிட்டு எழுதியிருக்கலாம். விடவில்லை. அதற்குப் பதிலும் சொல்லவில்லை. கேள்வியை அப்படியே வைத்துவிட்டு, இயேசு மறுபடியும் உள்ளம் கலங்கினவராய்க் கல்லறைக்கு நடந்தார் என்று எழுதுகிறார்.

நீங்கள் என்னை மறித்து, நாயீன் ஊர் விதவையிடம் அவர் அழாதே என்றுதானே சொன்னார் என்று கேட்கலாம். சொன்னார். லூக்கா அதை 7ஆம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார். அவளைப் பார்த்து மனதுருகினார் என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறார். சொன்ன கையோடு அவர் பாடையைத் தொட்டு நிறுத்தி, அவளுடைய ஒரே மகனை எழுப்பி, அவளிடமே கொடுத்தார். அதைச் செய்ய முடிகிறவர் அழாதே என்று சொல்லலாம். நம்மால் முடியாது. ஆகவே நாம் சொல்லாமல் இருப்பதே மரியாதை.

பழைய ஏற்பாட்டுக்குப் போனால் இந்தச் செய்தி இன்னும் அழுத்தமாகவே கிடைக்கிறது. துக்க வீட்டில் நாம் யோபுவை எடுத்துக்காட்டுவோம். முதல் அதிகாரத்து யோபுவைத்தான். கொடுத்தவரே எடுத்துக்கொண்டார் என்று பணிந்துபோகும் அந்த யோபுவைச் சபைக்குப் பிடிக்கும். 3ஆம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளையே சபிக்கிற யோபுவை யாரும் எடுப்பதில்லை. அவருடைய நண்பர்களை நாம் கேலியாகப் பேசுவது வழக்கம். அவர்களுக்கு ஒரு நியாயம் செய்ய வேண்டும். அவர்கள் வந்ததும் தரையில் உட்கார்ந்து ஏழு பகல் ஏழு இரவு ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த ஏழு நாள் அவர்களைப் போல நல்ல நண்பர்கள் இல்லை. எட்டாவது நாள் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள், அதோடு கெட்டது. கடைசி அதிகாரத்தில் கடவுள், தம்மோடு மல்லுக்கு நின்ற யோபு சரியாகப் பேசினான் என்றும், தமக்காக வாதாடிய நண்பர்கள் சரியாகப் பேசவில்லை என்றும் தீர்ப்புச் சொல்கிறார். தம் சார்பில் வக்காலத்து வாங்குகிறவர்கள்மீது கடவுள் கோபப்பட்ட இடம் அது. என்னைப் போலப் பிரசங்கம் செய்து பிழைக்கிறவர்கள் அடிக்கடி வாசிக்க வேண்டிய அதிகாரம்.

சங்கீதங்கள் 150இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முறையீடுகளும் புலம்பல்களும்தான். அவற்றில் பல, புலம்பலில் தொடங்கி எப்படியோ நன்றியில் போய் முடியும். 88ஆம் சங்கீதம் அப்படியும் முடியாது. அதன் கடைசிச் சொல் இருளைப் பற்றியது. அதற்குப் பின் விடிந்தது என்று யாரும் ஒட்டுப்போடவில்லை. ஆராதனைக்கென்று தொகுத்த நூலில், விடியாத ஒரு பாட்டையும் இருக்கட்டும் என்று விட்டவர்கள் மனிதரை அறிந்தவர்கள்.

புலம்பல் என்றே பெயர் வைத்த புத்தகமும் இருக்கிறது. ஐந்து பாடல்கள். எருசலேம் அழிந்த பிறகு எழுந்தவை. முதல் நான்கும் எபிரெய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளை வரிசையாகப் பின்பற்றி நடக்கின்றன. ஐந்தாவதில் அதே 22 வசனங்கள் உண்டு, எழுத்து வரிசை மட்டும் இல்லை. துக்கத்துக்கு ஒரு யாப்பு வேண்டியிருந்தது; கடைசியில் யாப்பும் தளர்ந்தது. ஒப்பாரி கேட்டு வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒப்பாரிக்கும் ஒரு ராகம் உண்டு, அடுக்கு உண்டு, அழுகிறவள் மூச்சு முட்டாமல் அழ அந்த அடுக்கு உதவுகிறது.

திருச்சபை பிறந்த புதிதிலும் இப்படித்தான் இருந்தது. முதல் இரத்தசாட்சி ஸ்தேவானை அடக்கம் செய்தவர்கள் பக்தியுள்ளவர்கள் என்றும், அவனுக்காக மிகுந்த துக்கம் கொண்டாடினார்கள் என்றும் அப்போஸ்தலர் நடபடிகள் 8ஆம் அதிகாரம் சொல்கிறது. வானம் திறந்திருப்பதைக் கண்டு செத்த ஒருவனுக்கே அந்த அழுகை. அடுத்த அதிகாரத்தில் யோப்பா பட்டணம். தொற்காள் என்ற பெண் இறந்துவிடுகிறாள். பேதுரு மேல்வீட்டு அறைக்குப் போகிறார். விதவைகள் அவரைச் சுற்றி நின்று, அவள் தங்களோடு இருந்தபோது தைத்துக் கொடுத்த அங்கிகளையும் உடைகளையும் எடுத்துக் காட்டி அழுகிறார்கள். இது நமக்குத் தெரிந்த காட்சி. இந்தப் புடவை அவள் எடுத்துக் கொடுத்தது, இந்தத் தொட்டில் அவள் கட்டியது என்று சொல்லிச் சொல்லி அழுவதுதானே நம் வீட்டுப் பெண்களின் வழக்கம்? இதை எழுதிய லூக்கா ஒரு மருத்துவர் என்பது மரபு. நாடித்துடிப்பு நின்ற விவரத்தை விட அந்த உடைகள் அவருக்கு முக்கியமாய்ப் பட்டிருக்கின்றன.

பிறகு அழுகை எப்படி அடங்கியது? நான்காம் நூற்றாண்டின் கடைசி வாக்கில் திருச்சபைத் தந்தை யோவான் கிறிசோஸ்தோம், கூலிக்கு மாரடிக்கும் பெண்களைச் சாவு வீட்டுக்கு அழைப்பதைக் கடுமையாகக் கண்டித்தார். அழைக்கிறவர்களைச் சபையை விட்டு விலக்குவேன் என்றே எச்சரித்தார். அவர் பக்கமும் நியாயம் உண்டு. காசு வாங்கிக்கொண்டு மார்பில் அடித்துக்கொள்வதும், பணக்காரர் வீட்டில் அதை ஆடம்பரமாக நடத்துவதும் அவருக்குப் பொறுக்கவில்லை. ஆனால் கூலி அழுகையைக் கண்டித்த கை, நாளடைவில் சொந்த அழுகையின் வாயையும் பொத்தியது.

அதே காலத்தில் நடந்த இன்னொன்று. கி.பி. 387இல், ரோமாபுரியின் துறைமுகமான ஓஸ்தியாவில் அகுஸ்தினாரின் தாய் மோனிக்கா இறந்துபோனார். அவர் கடைசி மூச்சு விட்டதும் பேரன் அதெயோதாத்துஸ், பதினைந்து வயதுப் பையன், கதறி அழுதான். சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து அவனை அடக்கினார்கள், அவன் மௌனமானான். அகுஸ்தினாரே தம் நூலில் இதை எழுதுகிறார். கிறிஸ்தவத் தாயின் சாவுக்குப் புலம்புவது பொருந்தாது என்று அவர்கள் நினைத்தார்கள். தாம் அழாமல் அடக்கத்துக்குப் போய் வந்ததையும், மனப் பாரம் குறையுமென்று குளிக்கப் போனதையும், குறையாததையும் அவர் மறைக்கவில்லை. ஒரு தூக்கம் தூங்கி எழுந்த பிறகு, தனியாகப் படுக்கையில், அடக்கி வைத்ததை ஓடவிட்டார். என் தாய்க்காகக் கொஞ்ச நேரம் அழுததைப் பாவம் என்று நினைக்கிறவர்கள் இருந்தால் என்னைப் பார்த்துச் சிரிக்காதீர்கள் என்ற தொனியில் வாசகரிடம் மன்றாடுகிறார். மேற்குத் திருச்சபையின் ஆகப் பெரிய மூளை, பெற்ற தாய்க்கு அழுததற்காக மன்னிப்புக் கேட்கிறது. அந்தப் பையன் அடுத்த சில ஆண்டுகளிலேயே இறந்துவிட்டான். அவனை அழவிட்டிருக்கலாம்.

இதற்கு அடியில் ஒரு தத்துவம் இருந்தது. கடவுள் மாறாதவர், எந்த உணர்ச்சியாலும் பாதிக்கப்படாதவர் என்பது கிரேக்க ஞானிகளின் கருத்து. திருச்சபையின் இறையியலும் அதைப் பெருமளவு ஏற்றுக்கொண்டது. கலங்காத கடவுளைப் போலக் கலங்காத பக்தன் என்பது இலட்சியமாகிவிட்டது. இருபதாம் நூற்றாண்டில் இதை வன்மையாக எதிர்த்தவர் ஜெர்மன் இறையியலர் யூர்கன் மோல்ட்மன். 1943 ஜூலையில் ஹாம்பர்க் நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது அவருக்கு வயது பதினேழு. பக்கத்தில் நின்ற நண்பன் செத்தான், இவர் பிழைத்தார். கடவுளே, நீ எங்கே என்று அன்றுதான் முதன்முதலாகக் கேட்டதாக அவர் சொல்லியிருக்கிறார். அவர் பக்தியான குடும்பத்துப் பிள்ளையும் அல்ல. போர்க் கைதியாக ஸ்காட்லாந்து முகாமில் இருந்தபோது கையில் ஒரு வேதாகமம் கிடைத்தது. அதில் 39ஆம் சங்கீதமும் மாற்கு எழுதிய சிலுவைக் காட்சியும் அவரைப் பிடித்துக்கொண்டன. கைவிடப்பட்டேன் என்று கதறும் ஒருவர் தம்மைப் புரிந்துகொள்வார் என்று அவருக்குத் தோன்றியது. 1972இல் வெளிவந்த ‘சிலுவையில் அறையப்பட்ட கடவுள்’ நூல், சிலுவையில் மகன் சாவை அனுபவித்தார், தகப்பன் மகனை இழந்த துக்கத்தை அனுபவித்தார் என்று வாதிடுகிறது. பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோருக்கு இதைவிடக் கிட்டத்தில் வந்த இறையியலை நான் வாசித்ததில்லை.

கத்தோலிக்க இறையியலர் கார்ல் ரானர் இதை ஏற்கவில்லை. நான் சேற்றில் கிடக்கும்போது கடவுளும் அதே சேற்றில் கிடந்தால் எனக்கு என்ன லாபம் என்ற அர்த்தத்தில் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். அழுகிற கடவுள் அழுவதோடு நின்றுவிட்டால் அவர் நல்ல உறவினர், அவ்வளவுதான். பெத்தானியாவில் அவர் அதோடு நிற்கவில்லை. நாலு நாளாயிற்று, நாற்றம் வருமே என்று மார்த்தாள் தயங்கியபோதும் கல்லைப் புரட்டச் சொன்னார். அழுதவரேதான் கூப்பிட்டார். பரிவு ஒருவருக்கு, வல்லமை இன்னொருவருக்கு என்று அங்கே பங்கு பிரிக்கவில்லை. இந்த வாக்குவாதத்தில் நான் மோல்ட்மன் பக்கம் உட்கார்ந்துகொண்டு ரானருக்குக் காது கொடுக்கிறவன்.

பவுலைப் பற்றி ஒரு வார்த்தை. தெசலோனிக்கேயருக்கு அவர் எழுதிய முதல் நிருபத்தின் 4ஆம் அதிகாரத்தை அடக்க ஆராதனைகளில் தவறாமல் வாசிக்கிறோம். துக்கமே கூடாது என்று அவர் எழுதியதுபோல விளக்குகிறோம். நம்பிக்கை இல்லாதவர்கள் துக்கப்படுவதுபோல வேண்டாம் என்பதுதான் அவர் சொன்னது. தனக்குச் சாவு ஆதாயம் என்று பிலிப்பியருக்கு எழுதிய அதே பவுல், அதே நிருபத்தில், நண்பன் எப்பாப்பிரோதீத்து நோயிலிருந்து பிழைத்தது கடவுள் தனக்குக் காட்டிய இரக்கம் என்கிறார். அவன் செத்திருந்தால் துக்கத்தின்மேல் துக்கம் வந்திருக்கும் என்கிறார். தன் சாவைப் பற்றி ஒரு பேச்சு, நண்பன் சாவைப் பற்றி வேறு பேச்சு. அதில் முரண்பாடு இல்லை, அன்பு இருக்கிறது.

தமிழ்க் கிறிஸ்தவம் இந்த அழுகையை முழுக்கத் தொலைத்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1705இல் கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள், ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க வழிபாடே தடைபட்டிருந்த காலத்தில், தமிழில் ‘வியாகுலப் பிரசங்கம்’ எழுதினார். கிறிஸ்துவின் பாடுகளை ராகத்தோடு வாசித்து அழும் அந்த நூல் மன்னார், யாழ்ப்பாணப் பகுதிக் கோயில்களில் தவக்காலத்தில் இன்றும் ஒலிக்கிறது. போர் நடந்த ஆண்டுகளில் அங்கே அதைக் கேட்டு அழுத தாய்மார், இயேசுவின் தாய்க்காக மட்டும் அழுதிருப்பார்களா? அதே நூற்றாண்டில் தமிழகத்தில் வீரமாமுனிவர், மகனை இழந்த மரியாளின் துயரத்தை ‘அன்னை அழுங்கல் அந்தாதி’ என்று பாடினார். தேம்பாவணியைப் புகழ்கிற கூட்டங்களில் இந்தச் சிறு நூல் பேசப்படாமல் போவது எனக்கு ஒரு குறை. சீர்திருத்தச் சபைக்காரர்களான நாங்கள் மரியாளைத் தள்ளி வைத்ததில், பிள்ளையைக் கண்முன்னே சாகக்கொடுத்த ஒரு தாயையும் தள்ளி வைத்துவிட்டோம். அதில் எங்களுக்குத்தான் நஷ்டம்.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்ற யாத்திரிகர்களைச் சுனாமி கொண்டுபோயிற்று. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மாதா கோயிலுக்குள் தண்ணீர் வரவில்லை என்பதை அற்புதம் என்று அப்போது பலரும் பேசினார்கள். பேசியவர்கள் பக்தியோடுதான் பேசினார்கள். ஆனால் பூசை முடித்துவிட்டுப் பிள்ளையைக் கடலுக்குக் கூட்டிப்போன ஒரு தகப்பன் அதைக் கேட்டால் என்ன நினைப்பான்? கட்டடத்தைக் காத்தவர் என் பிள்ளையை ஏன் விட்டார் என்று கேட்க மாட்டானா? 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு அன்று மட்டக்களப்பு சீயோன் ஆலயத்தில் குண்டு வெடித்தபோது, ஞாயிறு வகுப்பு முடிந்து முற்றத்தில் நின்ற குழந்தைகள் செத்தார்கள். அன்று இலங்கையில் இறந்தவர்கள் 250க்கும் மேல். உயிர்த்தெழுதல் பாட்டைப் பாட வந்த நாளிலேயே பிள்ளைகளைப் பறிகொடுத்த அந்தச் சபைக்கு, உயிர்த்தெழுதலைப் பற்றி வெளியிலிருந்து யாரும் வகுப்பு எடுக்க வேண்டிய அவசியம் இல்லை. போய் உட்கார்ந்து அழ ஆள் வேண்டியிருந்தது.

கடைசி நாளில் கடவுளே மனிதருடைய கண்ணீரைத் துடைப்பார் என்று வெளிப்படுத்தின விசேஷம் சொல்கிறது. துடைக்கிற வேலை அவருடையது. அவர் வருமுன்னே கண்களைத் துடைத்து வைக்கும்படி நம்மை யாரும் கேட்கவில்லை.

இனி நாளைக்கே குருவானவர்களாகப் போகிற மாணவர்களிடமும், சபைப் பெரியவர்களிடமும் சில வேண்டுகோள்கள். துக்க வீட்டுக்குள் நுழையும்போது அழுகை நின்றிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். நிற்கும்வரை நீங்களும் உட்காருங்கள், ஜெபம் காத்திருக்கும். பெட்டியைப் பிடித்துக்கொண்டு ஏன் என்று கேட்கிற தாய்க்குப் பதில் சொல்ல முயலாதீர்கள். பெத்தானியாவில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப்படவில்லை. 88ஆம் சங்கீதத்தை ஆண்டுக்கு ஒருமுறையாவது ஞாயிறு ஆராதனையில், சமாதானப் பிரசங்கம் எதுவும் சேர்க்காமல், முழுவதும் வாசியுங்கள். ஞாபகார்த்த ஆராதனை முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் ஊருக்குப் போன பிறகு, மூன்றாவது நான்காவது மாதத்தில், யாரும் வராத ஒரு சாயங்காலத்தில் அந்த வீட்டுக்குப் போங்கள். போனால், இறந்த பிள்ளையின் பேரைச் சொல்லிப் பேசுங்கள். பேரைச் சொன்னால் அழுதுவிடுவார்களே என்று பயப்பட வேண்டாம். அழட்டும்.